கைபிடிப் பக்கத்து ஆணி

என் வீட்டு வாசற்கதவின் உட்புறத்தில் ஓர் ஆணி அடித்திருக்கிறேன். அதில் ஒரு துணிப்பை தொங்குகிறது. உள்ளே எங்கள் நான்கு பேரின் பிறப்புச் சான்றிதழ்கள், கடவுச்சீட்டுகள், கலியாணப் பதிவு. ரொறன்ரோவில் பதினோராம் மாடியில், கீழே காவலாளியும் கதவுக்கு இரண்டு பூட்டும் இருக்கிற கட்டடத்தில் இது எதற்கென்று கேட்டுக் கேட்டு என் பிள்ளைகள் சலித்துவிட்டார்கள். மூத்தவள் தன் சிநேகிதிகளுக்கு அதைக் காட்டி, "இது அம்மான்ட ஓடுற பை" என்று சிரிப்பாள். சிரிக்கட்டும். எங்கள் கட்டடத்தில் யாராவது கறி தாளித்தால் தீ அலாரம் அடிக்கும். அடித்த மறு நிமிடம் பையும் கையுமாகத் தெருவில் முதல் ஆளாக நிற்பது நான்தான். நின்றவுடன் பையைத் திறந்து பார்ப்பேன். உள்ளே இருப்பது காகிதம்தான் என்று கண்ணால் கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வரும். திறக்கிறபோது உள்ளே ஈரத் துவாய் இருந்துவிடுமோ என்பதுதான் என் பயம்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது நாங்கள் கொழும்பில், வெள்ளவத்தையில், கடற்பக்கத்து ஒழுங்கையொன்றில் மேல்மாடியில் குடியிருந்தோம். காலி வீதி என்கிற பெருந்தெருவில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கடலைப் பார்த்து நடந்தால் ஒழுங்கையின் முடிவில் ரயில் பாதை, அதற்கு அப்பால் கருங்கற்கள், அதற்கப்பால் கடல். வீட்டில் எல்லாவற்றிலும் உப்பு இருந்தது. ஜன்னல் கம்பியை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும். நான் நக்கிப் பார்த்திருக்கிறேன். அலுமாரிக் கதவு மாரியில் வீங்கித் திறக்காது, கோடையில் மூடாது. ரயில் போகும்போது சுவரில் சாமிப் படங்கள் மெல்ல ஆடும். கீழ்வீட்டில் வீட்டுக்காரி இருந்தார். ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை. நாங்கள் நோனா என்று கூப்பிடுவோம். அவர் மா இடிக்கும் சத்தமும் அலைச் சத்தமும் சேர்ந்து கேட்கும் பின்னேரங்களுக்கு இப்போதும் ஏங்குகிறேன். அத்தனை ஆசையாக நினைக்கிற ஊரைத்தான் அத்தனை பயத்தோடும் நினைக்கிறேன். இரண்டையும் என்னால் பிரித்தெடுக்க முடிந்ததில்லை.

அப்பா ஓர் அரசாங்கத் திணைக்களத்தில் கிளாக்கர். இளவயதில் ஒருமுறை இனக்கலவரத்தில் உடுத்த சாரத்தோடு கொழும்பை விட்டு ஓடியவர். அதனால் எங்கள் வாசற்கதவுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பை தொங்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை. அதற்கு அவசரப் பை என்று பெயர். குடும்பத்தின் முக்கியமான காகிதமெல்லாம் அதற்குள் இருந்தது. ஓட வேண்டி வந்தால் யார் எதைச் செய்ய வேண்டும் என்றும் அவர் வகுத்து வைத்திருந்தார். அடுப்பு அப்பாவுக்கு, நான் அம்மாவுக்கு, பை சின்னம்மாவுக்கு. சில ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே திடீரென்று "பை!" என்பார். சின்னம்மா சோற்றுக் கையோடு எழும்பி ஓடிப் போய் இடது கையால் பையைத் தொட்டுவிட்டு வந்து உட்காருவா. எனக்கு அது விளையாட்டு. அப்பாவின் முகத்தில் மட்டும் விளையாட்டு இருக்காது.

சின்னம்மா அம்மாவின் தங்கை. எங்களோடு தங்கி டைப்பிங் படித்துக்கொண்டிருந்தா. பழைய திரைச்சீலை ஒன்றை வெட்டி, நீலக் கட்டம் போட்ட தடித்த துணியில், ஒரே அளவில் இரண்டு பைகள் தைத்தவ அவதான். ஒன்று அவசரப் பை. மற்றது கடல் பை. எனக்குக் காலில் சிரங்கு வந்தால் இலேசில் மாறாது; கடல் நீர் பட்டால் ஆறும் என்று அம்மா நம்பினா. ஆகவே கடல் அடங்கியிருக்கிற மாதங்களில் சின்னம்மா என்னைக் குளிக்கக் கூட்டிப் போவா. கடல் பைக்குள் துவாய்கள், என்னுடைய பழைய சட்டை, சவர்க்காரப் பெட்டி, தேங்காயெண்ணெய்ப் போத்தல். கதவுக்குப் பின்னால் இரண்டு ஆணிகள். கதவு சுவரோடு பூட்டியிருக்கிற பிணைச்சல் பக்கத்து ஆணியில் கடல் பை. கைபிடிப் பக்கத்து ஆணியில், கதவைத் திறக்கிறபோதே கையில் அகப்படும்படியாக, அவசரப் பை. கண்ணை மூடிக்கொண்டும் எடுக்கலாம் என்று அப்பா சொல்லுவார்.

ரயில் பாதையைக் கடப்பதற்கு சின்னம்மா ஒரு சட்டம் வைத்திருந்தா. "இடப்பக்கம் பார், வலப்பக்கம் பார், பிறகு என்ட முகத்தைப் பார்." மூன்றாவதைச் செய்யாமல் நான் தண்டவாளத்தில் கால் வைக்கக் கூடாது. அவ தலையை ஆட்டினால்தான் கடக்கலாம். கடந்த பிறகும் என் கையை விடமாட்டா. எனக்குக் கடலுக்கும் பயம், ரயிலுக்கும் பயம். அந்த வலக்கையைப் பிடித்திருந்தால் இரண்டும் எனக்கு ஒன்றும் செய்யாது என்று நினைத்திருந்தேன்.

அந்த வருடம் சின்னம்மாவுக்கு இங்கிலாந்தில் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. நீளமான மண்ணிறக் கடித உறையில் வந்த கடிதத்தை அவ ஒரு நாளைக்கு நாலு தரம் வாசிப்பா. கடிதம், கடவுச்சீட்டு, படித்த சான்றிதழ்கள் எல்லாம் அவசரப் பைக்குள் போயின. இன்னும் மூன்று கிழமையில் பயணம். வீடே கொண்டாடியது, நான் ஒருத்தியைத் தவிர. சின்னம்மா போகக் கூடாது என்று பம்பலப்பிட்டிப் பிள்ளையாரிடம் நான் கேட்டிருந்தேன். ஒரு தேங்காய் உடைப்பதாகவும் சொல்லியிருந்தேன். நான் கேட்டபடியே நடந்துவிட்டது அல்லவா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் படுத்திருந்தார்கள். எனக்குக் கோபம். நீ இல்லாமலும் நான் கடலுக்குப் போவேன் என்று சின்னம்மாவுக்குக் காட்ட வேண்டும் போலிருந்தது. கடல் பையை எடுத்துக்கொண்டு தனியாக இறங்கினேன். அது எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம். கடல் கல்லில் மோதிப் பாதை வரைக்கும் தூவிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் பார்த்தேன், வலப்பக்கம் பார்த்தேன், மூன்றாவதாகப் பார்க்க முகம் இல்லை. எப்படியோ கடந்து ஒரு கல்லுக்குப் பின்னால் குந்தினேன். ஒரே அலை. என்னையும் பையையும் முழுக்காட்டிவிட்டுப் போனது. இன்னும் ஓரடி முன்னுக்கு இருந்திருந்தால் என்னையும் கொண்டே போயிருக்கும். ஓட்டமாக ஓடி வீட்டுக்கு வந்து, சட்டை மாற்றி, நனைந்ததையெல்லாம் பிழிந்து பைக்குள் திணித்து ஆணியில் மாட்டினேன். பையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர், கீழே இருந்த, அப்பா வேலைக்குப் போட்டுப் போகிற கந்தோர்ச் சப்பாத்தில் விழுந்தது. கைபிடிப் பக்கத்தில் வெறும் சீமெந்துத் தரைதான். ஸ்டூலில் ஏறி இரண்டு பைகளையும் இடம் மாற்றினேன். விடியக் காலமை காய்ந்ததும் திருப்பி மாற்றிவிடலாம் என்பது என் திட்டம். பத்து வயதுக்கு அது நல்ல திட்டம்தான்.

விடிந்தபோது, பொறளைப் பக்கம் தமிழரின் வீடுகளுக்குத் தீ வைக்கிறார்கள், ஒரே புகை என்று நோனா மேலே வந்து சொன்னார். அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விடவில்லை. காலி வீதியிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. கோயில் திருவிழாவில் கேட்கிற சத்தம் மாதிரி, ஆனால் மேளம் இல்லை. அப்பா, அம்மா, சின்னம்மா மூவரும் வாசலறையிலேயே நின்றார்கள். அவர்கள் பார்க்காமல் பைகளைத் திருப்பி மாற்ற வழியில்லாமல் நானும் நின்றேன். என் கண் பையை விட்டு அகலவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அப்படி நின்றோம். "பை மாறியிருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் தனியாகக் கடலுக்குப் போனது தெரிந்துவிடும், அப்பா அடிப்பார். தெருவில் வீடுகள் எரிகின்றன, எனக்கு அப்பாவின் பிரம்புக்குப் பயம். அவ்வளவு பெரிய பயத்துக்குள்ளும் இந்தச் சின்னப் பயம்தான் என் வாயைப் பொத்தியது. அதை நினைத்தால் எனக்கு என்மேல் இன்றைக்கும் வெறுப்பு வருகிறது.

கீழிருந்து நோனா கத்தினார். "இக்மனட்ட எண்ட! இக்மனட்ட எண்ட!" சீக்கிரம் வாருங்கள் என்று. அப்பா அடுப்பை அணைத்தார். அம்மா என் கையைப் பிடித்தா. சின்னம்மா திரும்பியும் பார்க்காமல் கதவுக்குப் பின்னால் கையை விட்டுப் பையை எடுத்தா. பழகின கை. எல்லாம் அப்பா சொல்லித் தந்தபடியே நடந்தது.

நோனா எங்களைத் தன் சமையலறைக்குப் பின்னாலிருந்த சாமான் அறைக்குள் விட்டுப் பூட்டினார். தேங்காய்ச் சிரட்டைகளுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் நாலு பேரும் குந்தியிருந்தோம். வெளியே நோனா, இது தன் வீடு, தீ வைத்தால் தன்னையும் சேர்த்து வைக்கச் சொல்லிச் சண்டை பிடிப்பது கேட்டது. வீட்டைத் தொடமாட்டோம், மேலே இருக்கிற சாமான் மட்டும்தான் என்று ஒருவன் மரியாதையாகவே சொன்னான். பிறகு எங்கள் தலைக்கு மேலே காலடிச் சத்தம். எங்கள் அலுமாரி இழுபடுகிற சத்தம். அப்போதுதான் சின்னம்மா ஆறுதலுக்காகப் பைக்குள் கையை விட்டா. கையை விட்டபடியே அப்படியே இருந்தா. பிறகு ஒரு துவாயை இழுத்தா, அதிலிருந்து மணல் கொட்டியது. என்னுடைய சட்டையை இழுத்தா. சவர்க்காரப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தா. அழக்கூட முடியாது, சத்தம் வெளியே கேட்கும். திடீரென்று எழும்பிக் கதவைப் பிடித்தா. அப்பா அவவின் தோளை அமத்தி இருத்தி, காதுக்குள் சொன்னார்: "பிள்ளை, உயிர் இருந்தா கடிதம் திரும்ப வரும்." எனக்கு மூத்திரம் போய்விட்டது. பயத்தில் போனது என்று அம்மா நினைத்தா. பயத்தில்தான் போனது.

எங்கள் சாமான்களை ஒழுங்கையில் குவித்து எரித்தார்கள். காகிதம் எரிகிற மணம் வேறு, மரம் எரிகிற மணம் வேறு. இரண்டும் அந்த அறைக்குள் வந்தன. சின்னம்மா தன் வலக்கையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டு, "என்ட கை பிழைச்சுப் போச்சு, அத்தான்" என்றா. பையை மாற்றியது நான் என்று அப்போதும் சொல்லவில்லை.

ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் சனத்தோடு சனமாகக் கிடந்தோம். பைக்குள் இருந்த துவாய்கள் அங்கே பெரிய சொத்து. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திக்கு ஒன்றைக் கொடுத்தோம். பிறகு யாழ்ப்பாணத்துக்கு எங்களைக் கப்பலில் ஏற்றினார்கள். கப்பல் தெற்கால் தீவைச் சுற்றித்தான் போக வேண்டும் என்றார்கள். அதனால் வெள்ளவத்தையைக் கடலிலிருந்து பார்க்கக் கிடைத்தது. நான் அதை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தது அந்த ஒரு தடவைதான். கறுப்புக் கோடாகக் கற்கள், அதற்கு மேல் ஒரு ரயில் சின்னதாக ஊர்ந்து போனது. எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். "இஞ்சதான் திரும்பி வருவம். வராட்டி நான் ஆரெண்டே எனக்குத் தெரியாமப் போயிடும்" என்றா சின்னம்மா.

இங்கிலாந்துக் கடிதம் திரும்ப வரவில்லை. சான்றிதழ்களுக்கு எழுதி, கடவுச்சீட்டுக்கு அலைந்து, எல்லாம் கைக்கு வருவதற்குள் அந்த இடம் போய்விட்டது. அடுத்த முறை அவர்கள் கூப்பிடவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு மருந்துக்கடையில் டைப் அடித்துக்கொண்டு இருந்துவிட்டா. வந்த கலியாணங்களை ஏன் தட்டிக் கழித்தா என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: சின்னம்மா தன் கையை நம்புவதில்லை. உப்புப் போட்டுவிட்டுப் போட்டேனா என்று கேட்பா. கதவைப் பூட்டிவிட்டுப் படி இறங்குவா, திரும்பி ஏறிப் பூட்டைப் பிடித்து இழுப்பா, இறங்குவா, திரும்பவும் ஏறுவா. மூன்று தரம். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "என்ட கை ஒருக்காப் பிழைச்ச கை." நான் அவவோடு ஒரே வீட்டில்தான் வளர்ந்தேன். அந்தப் பதிலைக் கேட்ட ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்லாமல் இருந்தேன்.

நான் கலியாணம் செய்து கனடாவுக்கு வந்தேன். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். திரும்பி வருவோம் என்று கப்பலில் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது சின்னம்மா மட்டும்தான். வெள்ளவத்தைக்குத் தனியாகத் திரும்பிப் போய், வெளிநாட்டு அழைப்புக்குச் சனம் காத்திருக்கிற ஒரு கொமியூனிக்கேஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்தா. வேலைக்குப் போன முதற் கிழமையே எனக்கு அழைத்து, "கடல் அப்பிடியே இருக்கு பிள்ளை, எப்ப வாறாய்?" என்றா. அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக எங்களுடைய ஒவ்வொரு பேச்சும் அந்தக் கேள்வியோடுதான் முடிந்தது. பிள்ளைகள் சின்னன், வேலை, நாட்டு நிலைமை என்று நான் ஆயிரம் சாட்டுச் சொன்னேன். செக்பொயின்ற்றுக்குப் பயந்து வரவில்லை என்று அவ நினைத்தா. எனக்கு ஊருக்கும் பயமில்லை, ஆமிக்கும் பயமில்லை. அந்தக் கடற்கரையில் சின்னம்மாவோடு நின்று உண்மையைச் சொல்லாமலிருக்க என்னால் முடியாது, சொன்னால் அந்தக் கேள்வி நின்றுவிடும். பயம் அதற்குத்தான்.

போன வருடம் போனேன். ஒழுங்கையில் எங்கள் வீடு இருந்த இடத்தில் ஏழு மாடி. கடலோரமாக இப்போது பெரிய தார்வீதி. ஆனால் சின்னம்மாவின் வீட்டு ஜன்னல் கம்பி உப்புக் கரித்தது. ஐம்பது வயது கடந்த பொம்பிளை, யாரும் பார்க்கவில்லையா என்று பார்த்துவிட்டுத்தான் நக்கினேன். அந்தச் சிறிய மாடிவீட்டில் கதவுக்குப் பின்னால் கைபிடிப் பக்கத்தில் ஒரே ஓர் ஆணி, அதில் ஒரு பை. பின்னேரம் கடலுக்குப் போகப் புறப்பட்டோம். பூட்டினா. இறங்கினோம். "நில்லு, வாறன்" என்று ஏறினா. கீழே காவலுக்கு நின்ற வோச்சர், "அக்கா, பூட்டு எங்கயும் ஓடாது" என்று பகிடி விட்டான். அவ மூன்றாவது தரம் ஏறியபோது நானும் பின்னால் ஏறினேன். பூட்டைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். அலை, சப்பாத்து, ஸ்டூல், பிரம்பு, எல்லாம். என் குரல் பத்து வயதுக் குரலாக இருந்தது.

சின்னம்மா பூட்டை விடவில்லை. பிடித்தபடியே கேட்டா: "அப்ப என்ட கை சரியான ஆணியைத்தான் பிடிச்சதோ?"

"ஓம் சின்னம்மா."

"சரியான ஆணியைத்தான்?"

"ஓம்."

வலக்கையைப் பூட்டிலிருந்து எடுத்து விரித்துப் பார்த்தா. சாமான் அறைக்குள் பார்த்த அதே பார்வை. "பத்து வயதில பயந்தாய், சரி. இருபது வயதில ஆருக்குப் பயந்தனி? நாப்பது வயதில?" என்றா. அவ படியிறங்கிப் போய்விட்டா. நானும் பின்னாலேயே கடலுக்குப் போனேன். தண்டவாளத்துக்குக் கிட்டப் போனதும் நான் பழக்கத்தில் இடப்பக்கம் பார்த்தேன், வலப்பக்கம் பார்த்தேன், அவவின் முகத்தைப் பார்த்தேன். அவ எனக்கு முன்னாலேயே கடந்து போய்க் கல்லில் ஏறி நின்றா.

ரொறன்ரோவுக்குத் திரும்பி வந்து கிழமைக்கொரு தடவை அழைத்தேன். எடுத்தா, கதைத்தா. மழையைப் பற்றி, மீன் விலையைப் பற்றி, முழங்கால் நோவைப் பற்றி. கடைசியில் "சரி, வைக்கிறன்" என்பா. அந்தக் கேள்வி வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், ஐந்து மாதம். பையைப் பார்த்தால் எனக்குக் கோபம் வந்தது. கழற்றி அலுமாரிக்குள் எறிந்தேன், அன்றைக்கு நித்திரை வராமல் திரும்பக் கொண்டுவந்து மாட்டினேன். போக ஓர் ஊரும் அங்கே என்னைக் கேட்க ஒரு ஆளும் இருந்தபடியால்தான் இத்தனை காலம் இங்கே இருக்க முடிந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

போன கிழமை அவவே அழைத்தா. பின்னால் சுத்தியல் அடிக்கிற சத்தம்.

"என்ன சத்தம் சின்னம்மா?"

"வோச்சர் ஆணி அடிக்கிறான். பிணைச்சல் பக்கம். உன்ட கடல் பைக்கு." சுத்தியலுக்கு மேலால் குரலை உயர்த்தினா. "கைபிடிப் பக்கத்து ஆணி என்னுடையது. வந்தால் அதில நீ கை வைக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கதவுக்குப் பின்னால் தொங்கும் பையைப் பார்த்தபடி நின்றேன். அதற்குள்ளிருந்து என் கடவுச்சீட்டை எடுக்கக் கையை விட்டேன், கையில் காகிதம்தான் பட்டது. சுத்தியல் சத்தம் நின்றது. சின்னம்மா தொண்டையைச் செருமிக்கொண்டா.

"நான் இப்ப ஒருக்காத்தான் பூட்டுறனான்" என்றா. "எப்ப வாறாய்?"